விளையும் பயிர் முளையிலே தெரியுமா?

'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்பது நம்மவர் நாவிற் பழகிப்போன முதுமொழி. நான்கு வயதுப் பிள்ளை நாலு சொற் கூட்டி அழகாகப் பேசிவிட்டால் இதனைச் சொல்லி மகிழ்கிறோம்; பத்து வயதிலே அதே பிள்ளை ஒரு கணக்கைப் பிழையாகச் செய்துவிட்டால் இதனையே சொல்லித் தலையை அசைக்கிறோம். ஆயினும், முளையைக் கண்டு விளைவைச் சொல்லுதல் உண்மையிலே இயலுமா? இயலுமாயின் எவ்வளவு தூரம் இயலும்? இந்த வினாவுக்கு நாம் ஊகத்தால் விடை கூறுவதிலும் பார்க்க, இதனையே தொழிலாகக் கொண்டு குறிப்பேடும் கையுமாகத் திரிகின்றவர்களைக் கேட்டறிவது நலம். அத்தகையோர் அமெரிக்க நாட்டிலே உளர். அவர்கள் சோதிடருமல்லர், கல்வி அதிகாரிகளுமல்லர். பேஸ்போல் என்னும் பந்தாட்டக் கழகங்களுக்காக ஊரூராகச் சென்று இளைஞரைத் தேடி அளப்பவர்கள்.

ஒவ்வொரு பெருங் கழகத்தின் கீழும் பயிற்சி பெறும் இளைஞருள் முப்பதின்மரைப் பொறுக்கி, இவர் முதலாமவர், இவர் இரண்டாமவர் என வரிசைப்படுத்தி, இன்னார் இன்ன ஆண்டிலே மேலணிக்கு வருவார், இன்ன தரத்து வீரராவார் என எதிர்வுகூறும் பட்டியல்கள் அந்நாட்டிலே ஆண்டுதோறும் வெளிவருகின்றன. அவற்றை நம்பிப் பல இலட்சம் டொலர் கைமாறுகிறது. பல இளைஞரின் வாழ்வும் திசை மாறுகிறது. வரிசையிலே முதல்வராக நின்றவர் மேலணியை மிதியாமலே போனதும், எவராலும் பெரிதாக எண்ணப்படாதவர் உச்சியை அடைந்ததும் அங்கே நிகழ்ந்த உண்மைகள். பேஸ்போலை ஒருநாளும் பாராதவர்க்கும் இவ்வரலாறு பயன்தரும் என்பது நமது எண்ணம்.

ஆட்டமும் ஏணியும்

எல்லே ஆட்டம் அறிந்த நம் மாணவர்க்குப் பேஸ்போலின் உருவத்தை விளக்குதல் கடினமன்று. எறியப்படும் பந்தைத் தடியால் அடித்துவிட்டு, வரிசையாக அமைந்த தளங்களைச் சுற்றி ஓடி, புறப்பட்ட இடத்துக்கே மீள்வது இரண்டுக்கும் பொது. பேஸ்போலிலோ பந்தை எறிபவன் எதிரணியைச் சேர்ந்தவன். அவன் கையினின்று புறப்படும் பந்து மணிக்கு 95 மைல் வேகத்தையும் கடந்து செல்வதுண்டு. வளைந்து வருவதுமுண்டு, இறுதிக் கணத்தில் வீழ்வதுமுண்டு. அடிப்பதா விடுவதா என்று தீர்மானிக்க அடிவீரனுக்குக் கிடைப்பது அரை வினாடிக்கும் குறைவான நேரமே.

இவ்வாட்டத்தின் உச்சியிலே பெரு லீக் இருக்கிறது. அதிலே 30 கழகங்கள். கனடாவின் ரொறன்ரோ நகரத்துக் கழகம் நீங்கலாக ஏனைய யாவும் அமெரிக்காவைச் சேர்ந்தவை. ஒவ்வொரு கழகத்துக்கும் கீழே சிறு லீக் அணிகள் ஏணிப்படிகள் போல அமைந்துள்ளன. அடியிலே புதுமுகங்களுக்கான பயிற்சி அணிகள். அவற்றின் மேல் 'ஏ', 'உயர் ஏ', 'இரட்டை ஏ', 'மூன்று ஏ' என்னும் நான்கு படிகள். 2021 ஆம் ஆண்டு வரை இவ்வாறு இணைந்திருந்த அணிகள் 160. அவ்வாண்டின் மறுசீரமைப்பினால் அவை 120 ஆகக் குறைந்தன. இன்று கழகமொன்று அமெரிக்க மண்ணிலே தன் கீழ் வைத்திருக்கக்கூடிய சிறு லீக் வீரர் 165 பேர். மேலணியின் ஆட்டப் பட்டியலிலோ இடம் 26 பேருக்கு மட்டுமே. அந்த 26 இடங்களிலும் பல, ஏற்கெனவே ஆடிவரும் மூத்தோர் கையில் இருக்கும்.

ஊதிய வேற்றுமையையும் வாசகர் அறிதல் வேண்டும். 2022 ஆம் ஆண்டு வரை ஏணியின் அடிப்படியில் நின்ற இளைஞனுக்கு ஆண்டுக்குக் கிடைத்த ஆகக் குறைந்த சம்பளம் 4,800 டொலர். 2023 இலே வீரர் சங்கம் செய்துகொண்ட உடன்படிக்கையால் அது 19,800 டொலராகவும், 'மூன்று ஏ' படியிலே 35,800 டொலராகவும் உயர்ந்தது. அவ்வாண்டு பெரு லீக்கில் ஆகக் குறைந்த சம்பளம் 720,000 டொலர். ஏணியின் கடைசிப் படிக்கும் மாடிக்கும் இடையே உள்ள தூரம் ஒரு படிதான். சம்பளத்திலே அது இருபது மடங்கு. ஆதலின், பட்டியலிலே ஓர் இளைஞன் மேலே நிற்பதும் கீழே நிற்பதும் வெறும் பெருமைச் சங்கதியன்று.

பண்ணை கண்டவர்

இந்தச் சிறு லீக் அமைப்புக்கு அமெரிக்கர் இட்ட பெயர் 'பண்ணை'. நாற்று மேடையிலே பலவற்றை முளைக்கவிட்டு, தேறியவற்றைப் பிடுங்கி நடும் கமக்காரனின் முறையே இது. இதனைப் பெரிய அளவிலே வகுத்தவர் பிரான்ச் றிக்கி. 1920 களிலே சென் லூயிஸ் நகரத்துக் கார்டினல்ஸ் கழகத்தை அவர் நடத்தினார். கழகமோ பணமில்லாதது. சிற்றூர் அணிகளில் யாராவது நன்றாக ஆடினால் நியூயோர்க் போன்ற செல்வக் கழகங்கள் கூடிய விலை கொடுத்து அவரைக் கொண்டு போய்விடும். விலை கொடுத்து வாங்க முடியாதவர்கள் விளைவித்துக் கொள்ள வேண்டும் என்று றிக்கி கண்டார். சிற்றூர் அணிகளையே கழகம் வாங்கிற்று. நூற்றுக்கணக்கான இளைஞரைச் சிறு சம்பளத்துக்குச் சேர்த்தது. 1940 அளவிலே அக்கழகத்தின் கீழ் முப்பதுக்கு மேற்பட்ட அணிகள் இருந்தன. அதற்கு முன்னரே 1926, 1931, 1934 ஆகிய ஆண்டுகளில் உலகத் தொடர் என்னும் உச்சப் போட்டியிலே வாகை சூடிவிட்டது. ஏனைய கழகங்களும் பின்பற்றின.

முளையைக் கண்டு விளைவைச் சொல்வதில் றிக்கிக்கு நிகரில்லை என்பர். ஆயினும் அவருடைய பண்ணையிலேயே நிகழ்ந்த ஒன்றைக் கேளுங்கள். ஸ்ரான் மியூசியல் என்னும் இளைஞர் பந்தெறி வீரராகவே 1938 இல் அப்பண்ணையிலே சேர்க்கப்பட்டார். 1940 இலே பந்தொன்றைப் பிடிக்கப் பாய்ந்து விழுந்து, எறியும் தோளைக் கெடுத்துக்கொண்டார். எறிவீரர் என்ற வகையில் அவரைப் பற்றிய எதிர்வுகூறல் அத்துடன் பொய்த்துவிட்டது. அவர் தடியைப் பற்றினார். அடுத்த ஆண்டே பெரு லீக்கை அடைந்தார். 3,630 அடிகளுடன் அவ்வாட்டத்தின் தலைசிறந்த அடிவீரருள் ஒருவராக ஓய்வு பெற்றார். பண்ணை அவரைச் சேர்த்தது சரி; சேர்த்த காரணந்தான் பிழை.

இன்னொன்றையும் மறைத்தலாகாது. 1947 வரை பெரு லீக்கிலே கறுப்பினத்தவருக்கு இடமில்லை. எத்தனையோ கூர்மையான கண்கள் அத்தனை ஆண்டுகளாக நாடெங்கும் தேடின. ஆனால், ஓர் இனத்தவர் முழுவதையும் பாராமலே தேடின. 1945 இலே ஜக்கி றொபின்சனை ஒப்பந்தம் செய்து, மறு ஆண்டு மொன்றியல் நகரத்துச் சிறு லீக் அணியிலே ஆடவிட்டு, 1947 இல் புறூக்ளின் அணிக்குக் கொணர்ந்து அத்தடையை உடைத்தவரும் இதே றிக்கிதான். யாரை அளப்பது என்ற முடிவு, எப்படி அளப்பது என்ற முடிவுக்கு முந்தியது என்பதை இது காட்டும்.

இருபது முதல் எண்பது வரை

இளைஞரை அளப்பதற்குத் தேடுநர் ஓர் அளவுகோல் வைத்திருக்கின்றனர். நமது பரீட்சைப் புள்ளிகளைப் போல அது பூச்சியத்தில் தொடங்கி நூறில் முடிவதன்று. இருபதில் தொடங்கி எண்பதில் முடிகிறது. நடுவிலே நிற்கும் 50 தான் சராசரி. பத்துப் புள்ளி கூடுந்தோறும் அத்தரத்தை எட்டுவோர் தொகை விரைவாகச் சுருங்கும். 60 பெறுவோர் நல்லவர். 70 பெறுவோர் மிகச் சிலர். 80 பெறுவோர் ஒரு தலைமுறைக்கு விரல்விட்டு எண்ணத்தக்கோர்.

இங்கே கவனிக்க வேண்டியது யாதெனில், 50 என்னும் சராசரி பெரு லீக் வீரரின் சராசரியாகும். பாடசாலை மைதானத்தின் சராசரியன்று. ஆகவே, தன் ஊரிலே நிகரற்றவனாய் விளங்கும் பதினெட்டு வயது மாணவன் இந்த அளவுகோலிலே 30 பெறுதல் வியப்பன்று. வளர்ந்த யானையுடன் கன்றை நிறுத்தி அளக்கும் அளவு இது.

அளக்கப்படும் திறன்கள் ஐந்து: பந்தைத் தவறாது அடித்தல், வலிமையுடன் நெடுந்தூரம் அடித்தல், ஓடுதல், பந்தைத் தடுத்துப் பிடித்தல், எறிதல். எறிவீரராயின் அவர் எறியும் பந்து வகை ஒவ்வொன்றுக்கும், குறி தவறாமைக்கும் தனித்தனிப் புள்ளி உண்டு. ஒவ்வொரு திறனுக்கும் இடப்படுவது ஒரு புள்ளியன்று, இரண்டு. முதலாவது, இன்று அவன் எங்கே நிற்கிறான் என்பது. இரண்டாவது, முழு வளர்ச்சி அடையும்போது எங்கே நிற்பான் என்பது. '30–55' என்று எழுதப்பட்டிருப்பின், இன்று கத்துக்குட்டி, நாளை சராசரிக்கும் சற்று மேலானவன் என்பது பொருள். இவ்விரண்டு எண்களுக்கும் இடையே உள்ள வெளியிலேதான் தேடுநரின் கலை முழுவதும் அடங்கியிருக்கிறது.

முதல் எண்ணை ஓரளவு கருவிகளால் அறியலாம். அடித்த இடத்திலிருந்து முதலாந் தளம் வரை 90 அடி. வலக்கை அடிவீரன் அதனை 4.3 வினாடியில் ஓடினாற் சராசரி என நிறுத்தற் கடிகாரம் சொல்லிவிடும். எறியும் வேகத்தை றேடார் கருவி சொல்லிவிடும். இரண்டாவது எண்ணுக்கோ கருவியில்லை. உயரம் இருந்தும் மெலிந்திருக்கும் உடல், அகன்ற தோள், நீண்ட கை ஆகியவற்றைக் கண்டு, இன்னும் தசை பிடிக்கும், வலிமை கூடும் என மதிக்கின்றனர். ஐந்து திறன்களுள்ளும் முன்கூட்டி அறிய மிகக் கடினமானது பந்தைத் தவறாது அடிக்கும் திறனே என்பது அத்தொழிலோர் ஒருமித்த கருத்து. படி ஏறுந்தோறும் எறிவோரின் சூது கூடுகிறது. பாடசாலைப் பந்தை விளாசித் தள்ளியவன் 'இரட்டை ஏ' படியிலே வளைந்து வீழும் பந்தைக் கண்டு திகைத்து நின்றுவிடுவதுண்டு. அவன் திகைப்பானா தேறுவானா என்பதை அங்கே அவன் போய்ச் சேரும்வரை எவரும் உறுதியாகச் சொல்ல இயலாது.

வரிசை செய்யும் முறை

புள்ளிகள் கிடைத்தபின் வரிசைப்படுத்துவது எங்ஙனம்? ஓர் உதாரணம் கொள்வோம். பதினெட்டு வயதுடைய ஒருவன். மிக வேகமாக எறிகிறான், குறி மட்டும் தவறுகிறது. எல்லாம் கூடிவந்தால் நாட்டின் முதற்றர வீரனாவான். கூடிவராவிடின் மேலணியையே காணான். மற்றொருவன் இருபத்திரண்டு வயதினன். வேகம் நடுத்தரம், குறி தவறுவதில்லை. பெரிய வீரனாக மாட்டான். ஆயினும் பயன்தரும் ஒருவனாக மேலணியிலே இடம்பெறுவான் என்பது ஏறக்குறைய உறுதி. இவ்விருவருள் முதலிடம் எவருக்கு?

விடை ஒன்றன்று. எட்டக்கூடிய உயரத்தை ஒரு தட்டிலும், எட்டும் வாய்ப்பை மறு தட்டிலும் இட்டு நிறுக்கிறார்கள். தட்டுச் சாயும் பக்கம் நிறுப்பவரின் மனப்பாங்கையும் பொறுத்தது. வேறு சில நியாயங்களும் உண்டு. வயதையும் படியையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 'இரட்டை ஏ' படியிலே தடுமாறும் பத்தொன்பது வயதினன், அதே படியிலே விளாசும் இருபத்தைந்து வயதினனிலும் மேலானவனாகக் கருதப்படலாம். முன்னவன் தன்னிலும் மூத்தோருடன் பொருதுகிறான், பின்னவன் தன்னிலும் இளையோருடன். நிற்கும் இடமும் முக்கியம். இரண்டாந் தளத்துக்கும் மூன்றாந் தளத்துக்கும் நடுவே 'ஷோர்ட் ஸ்ரொப்' என்னும் இடத்தைக் காப்பது கடினம். அங்கே நிற்கத்தக்கவனுக்கு மதிப்பு அதிகம். எறிவீரரைப் பொறுத்தமட்டிலோ, தோளும் முழங்கையும் எந்நேரமும் கெடக்கூடியவை. ஆகையால் அவர்களை நம்பி வரிசை செய்வது மழையை நம்பி விதைப்பது போலாகும்.

பட்டியலைப் படிக்கும்போது பலர் மறந்துவிடும் ஒன்றுண்டு. முதலாமவருக்கும் இரண்டாமவருக்கும் இடையே பெரும் பள்ளம் இருக்கலாம். பன்னிரண்டாமவருக்கும் இருபத்தைந்தாமவருக்கும் இடையே நூலிழை கூட இல்லாதிருக்கலாம். அச்சிலே ஏறியதும் எல்லா எண்களும் ஒரே இடைவெளியில் நிற்பன போலத் தோற்றுகின்றன. எண்ணின் மயக்கம் இது.

யாங்கீஸ் பண்ணையின் கதை

இனி ஒரு கழகத்தின் பண்ணையை எடுத்துக்கொண்டு, எதிர்வுகூறலும் நிகழ்ச்சியும் எவ்வாறு பொருந்தின என்று பார்ப்போம். நியூயோர்க் யாங்கீஸ் கழகம் 1990 அளவிலே தாழ்ந்து கிடந்தது. மாணவரையும் இளைஞரையும் கழகங்கள் முறைவைத்துத் தெரிவு செய்யும் வருடாந்தத் தெரிவிலே, கடைசியாக நின்ற அணிகளே முதலிற் பொறுக்கலாம் என்பது அன்றைய விதி. அவ்வாறு 1991 இலே முதலிடம் பெற்ற யாங்கீஸ் கழகம், வட கரோலைனா மாநிலத்து இடக்கை எறிவீரராகிய பிறையன் ரெய்லர் என்னும் பத்தொன்பது வயதினரைத் தெரிவு செய்தது. அவர் எறிந்த வேகத்தைக் கண்டவர் வியந்தனர். கழகம் அவருக்கு 15 இலட்சத்து 50 ஆயிரம் டொலர் கொடுத்தது. அதுவரை எந்த மாணவனுக்கும் அத்துணைத் தொகை கொடுக்கப்பட்டதில்லை. 'பேஸ்போல் அமெரிக்கா' என்னும் சஞ்சிகை 1992 இலே நாட்டின் சிறு லீக் இளைஞர் அனைவருள்ளும் அவரையே முதலாமவராக வரிசைப்படுத்திற்று.

அதற்கு முந்திய ஆண்டிலே இதே கழகம் வேறு மூவரைச் சேர்த்துக்கொள்ள வழி செய்திருந்தது. 1990 ஆம் ஆண்டுத் தெரிவின் 22 ஆம் சுற்றிலே அன்டி பெற்றிற், 24 ஆம் சுற்றிலே ஹோர்ஹே பொசாடா. இருவரையும் தெரிவு செய்துவிட்டு, கல்லூரியிலே இன்னும் ஓராண்டு ஆடவிட்டுப் பார்த்தபின்னரே ஒப்பந்தம் செய்தது. மூன்றாமவர் மரியானோ றிவேரா. பனாமா நாட்டு மீன்பிடிக் கிராமமொன்றிலே தந்தையின் படகிலே தொழில் செய்தவர், இருபது வயதினர், மெலிந்த உடலினர், எறியும் வேகம் மணிக்கு 90 மைலை எட்டவில்லை. அவருக்குக் கழகம் கொடுத்தது மூவாயிரம் டொலருக்கு மேற்படாத தொகை. ரெய்லருக்குக் கொடுத்ததிலே ஐந்நூற்றில் ஒரு பங்கு கூட ஆகாது.

1992 ஆம் ஆண்டுத் தெரிவிலே யாங்கீஸ் ஆறாம் இடத்திலே பொறுக்கியவர் டெரிக் ஜீற்றர், மிச்சிகன் மாநிலத்துப் பாடசாலை மாணவர். அவ்வாண்டு முதலிடம் ஹூஸ்ரன் கழகத்துக்குரியது. அக்கழகத்தின் தேடுநராக இருந்தவர், அவ்வாண்டே புகழ் மண்டபத்துக்குத் தெரிவான முன்னாள் எறிவீரர் ஹால் நியூஹவுசர். ஜீற்றரையே எடுங்கள் என அவர் வற்புறுத்தினார். கழகம் வேறொருவரை எடுத்தது. நியூஹவுசர் தம் பதவியை விட்டு விலகினார். தாம் கண்ட முளையைப் பிறர் காண மறுத்தபோது ஒரு முதியவர் கொடுத்த விலை அது.

1992 ஓகஸ்டிலே றிவேராவின் முழங்கையிலே சத்திரசிகிச்சை நடந்தது. நவம்பரிலே லீக்கிற் சேரவிருந்த இரண்டு புதிய அணிகள் பிற கழகங்களிலிருந்து ஆட்களைப் பொறுக்க நேர்ந்தது. ஒவ்வொரு கழகமும் தான் இழக்க விரும்பாதோரை மட்டும் காத்துக்கொள்ளலாம். யாங்கீஸ் காத்தோர் பட்டியலிலே றிவேராவின் பெயர் இல்லை. புதிய அணிகள் இரண்டும் 72 வீரரைப் பொறுக்கின. றிவேராவை எவரும் தொடவில்லை. கைவிட ஆயத்தமாயிருந்தவர்களும் அறியவில்லை, எடுக்க வந்தவர்களும் அறியவில்லை.

1993 இலே கிறீன்ஸ்பரோ நகரத்து 'ஏ' படி அணியிலே ஜீற்றர் ஆடினார். 126 ஆட்டங்களிலே 56 தடவை பந்தைத் தவறவிட்டோ தவறாக எறிந்தோ பிழை செய்தார். ஷோர்ட் ஸ்ரொப் இடத்துக்கு இவர் ஏற்றவரல்லர் என முடிவு செய்ய அவ்வொரு எண் போதும். கழகம் அவ்வாறு செய்யவில்லை. ஆட்டப் பருவம் முடிந்ததும் பயிற்சியாளர் ஒருவரை அமர்த்தி, ஏறக்குறைய ஐந்து வாரம் பந்து தடுக்கும் பயிற்சி ஒன்றையே கொடுத்தது. கையிலே காயமிருந்ததால் அந்நாட்களிலே அவர் தடியைத் தொடவேயில்லை. மறு ஆண்டு மூன்று படிகளை ஒரே பருவத்திலே ஏறினார். 'பேஸ்போல் அமெரிக்கா' அவரைச் சிறு லீக்கின் அவ்வாண்டு வீரராகத் தெரிந்தது.

அதே 1993 டிசெம்பரிலே ரெய்லர், தம் சகோதரர் தொடர்பாக எழுந்த கைகலப்பொன்றிலே எறியும் தோளைக் கிழித்துக்கொண்டார். றிவேராவுக்குச் சிகிச்சை செய்த பிராங்க் ஜோப் என்னும் அதே நிபுணரே அவருக்கும் சிகிச்சை செய்தார். றிவேராவின் முழங்கை தேறிற்று. ரெய்லரின் தோள் தேறவில்லை. ஓராண்டு கழித்து மீண்டார். பழைய வேகம் மீளவில்லை. 1998 இலே கழகம் அவரை விடுவித்தது. நாட்டின் முதலிளைஞர் எனப்பட்டவர் பெரு லீக்கிலே ஒரு பந்தேனும் எறியவில்லை.

1995 இலே பெற்றிற், றிவேரா, ஜீற்றர், பொசாடா நால்வரும் பெரு லீக்கிலே முதன்முதல் ஆடினர். ஆயினும் கதை நேராகச் செல்லவில்லை. யூன் மாதத்திலே றிவேராவும் ஜீற்றரும் ஒரே நாளில் 'மூன்று ஏ' படிக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அங்கே சில நாட்களுள் றிவேராவின் வேகம் திடீரென மணிக்கு 95 மைலாக உயர்ந்தது. ஏன் உயர்ந்தது என்பதை இன்றுவரை அவரே விளக்கிச் சொன்னதில்லை. தெய்வச் செயல் என்பர். வேறு கழகத்துக்கு அவரைக் கைமாற்றும் பேச்சு அப்போது நடந்துகொண்டிருந்தது. இச்செய்தி எட்டியதும் அது நின்றது. யூலை 4 ஆந் தேதி மீண்டு வந்து எட்டு இன்னிங்ஸிலே ஓர் ஓட்டமும் கொடாது பதினொருவரை அடிக்கவிடாமலே வெளியேற்றினார். அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலே ஜீற்றர் இன்னும் பக்குவப்படவில்லை என ஐயுற்று, வேறொரு ஷோர்ட் ஸ்ரொப் வீரரைப் பெற றிவேராவைக் கொடுத்துவிடலாமோ என்ற யோசனையும் எழுந்தது. நல்ல காலம், அது நிறைவேறவில்லை.

1996 இலே ஜீற்றர் அவ்வாண்டின் சிறந்த புதுமுகமானார். கழகம் பதினெட்டு ஆண்டுகளின் பின் உலகத் தொடரை வென்றது. 1998, 1999, 2000, 2009 ஆகிய ஆண்டுகளிலும் வென்றது. ஜீற்றர் 3,465 அடிகளுடன் ஓய்ந்தார். பெற்றிற் 256 ஆட்டங்களை வென்றார். உள்வட்டக் காவலராக வந்து பிடிவீரராக மாற்றப்பட்ட பொசாடா 275 ஹோம் ரன்கள் அடித்தார். ஆட்டத்தின் இறுதியிலே வந்து வெற்றியைக் காத்துக் கொடுக்கும் பணியிலே றிவேரா 652 தடவை வென்றார்; 2019 இலே புகழ் மண்டபத்துக்கு வாக்காளர் அனைவராலும் ஒருமனதாகத் தெரியப்பட்ட முதல் வீரர் அவரே. மறு ஆண்டு ஜீற்றருக்கு 397 வாக்கிலே 396 கிடைத்தது.

கண்ணும் கணக்கும்

இதனைப் படித்தவர், பட்டியல்கள் யாவும் வீண் என்று முடிவு செய்துவிடலாகாது. ஆறாம் இடத்திலே தெரியப்பட்ட ஜீற்றர் எதிர்பார்ப்புக்கு மேலாகவே விளைந்தார். ரெய்லரின் கையை மதித்தவர்களும் பொய் சொல்லவில்லை. அந்தக் கை அவர்கள் சொன்னபடியே இருந்தது. நாளையென்பது கையை மட்டும் பொறுத்ததன்று என்பதே உண்மை.

கண்ணை நம்பாது கணக்கை மட்டும் நம்பினாற் சரிவருமா என்று சோதித்தவர்களும் உளர். நேற் சில்வர் என்னும் கணக்கறிஞர் பழைய வீரரின் எண்களோடு இளைஞரின் எண்களை ஒப்பிட்டு எதிர்வுகூறும் முறையொன்றை அமைத்தார். பொஸ்ரன் கழகத்துப் பண்ணையிலே டஸ்ரின் பெட்றோயா என்பவர் இருந்தார். உயரம் குறைந்தவர் என்பதால் தேடுநர் பலர் ஐயுற்றனர். 2006 இலே 'பேஸ்போல் அமெரிக்கா' அவருக்கு 77 ஆம் இடம் கொடுத்தது. சில்வரின் கணக்கு நான்காம் இடம் கொடுத்தது. 2007 இலே அவர் சிறந்த புதுமுகமானார். 2008 இலே அமெரிக்கன் லீக்கின் தலைசிறந்த வீரரானார். கணக்கு வென்றது என்று ஆரவாரிக்கலாம். ஆனால் சில ஆண்டு கழித்து இரு பட்டியல்களையும் முழுமையாக ஒப்புநோக்கியபோது, தேடுநரின் பட்டியலே மொத்தத்தில் மேலாக நின்றது. இதனை 2012 இலே தம் நூலில் வெளியிட்டவரும் சில்வரே. காரணம் எளிது. தேடுநர் எண்களையும் பார்த்தனர், ஆளையும் பார்த்தனர். கணக்கோ எண்களை மட்டுமே பார்த்தது.

பட்டியல் எதற்கு?

திருக்குறளிலே 'தெரிந்து தெளிதல்' என்னும் அதிகாரத்தை அடுத்து 'தெரிந்து வினையாடல்' என்னும் அதிகாரம் வைக்கப்பட்டுள்ளது. ஆளைத் தெரிவது ஒரு பாதி. தெரிந்தவனுக்கு ஏற்ற வினையைக் கொடுத்து ஆள்வது மறுபாதி. யாங்கீஸ் பண்ணையின் வரலாற்றிலே முதற் பாதியில் நேர்ந்த பிழைகள் பல. றிவேராவைக் காக்கத் தவறியமை ஒன்றே போதும். அவ்வாறிருந்தும் விளைச்சல் கிடைத்தமைக்குக் காரணம் இரண்டாம் பாதியிலே காட்டிய பொறுமை: 56 பிழை செய்தவனை ஒதுக்காது பயிற்றியது, காவலனைப் பிடிவீரனாக்கிப் பார்த்தது, வெட்டப்பட்ட முழங்கையுடையவனுக்கு மெல்ல மெல்ல எறிய நாட்கொடுத்தது. பட்டியல் எங்கே நீர் பாய்ச்சலாம் என்று காட்டும். நீர் பாய்ச்சுவது பட்டியலின் வேலையன்று. ஒரு பண்ணை தன் பட்டியலிலே முதலாமவனுக்கு மட்டும் நீர் பாய்ச்சியிருப்பின், 1993 டிசெம்பரோடு அது வரண்டு போயிருக்கும்.

பட்டியலின் அடியில் நின்று, உச்சியையும் காணாது திரும்பிய ஆயிரமாயிரம் இளைஞரையும் இங்கே நினைத்தல் தகும். ஏணியிலே நிற்போருட் பெரும்பாலோர் அவர்களே. இருபது வயதிலே சிற்றூர் மைதானங்களிடையே இரவிரவாகப் பஸ்ஸிலே பிரயாணஞ் செய்து, இருபத்தைந்து வயதிலே வேறு தொழில் தேடி வீடு திரும்புவோர். அவர்கள் ஆட்டத்திலே தோற்றவர்கள் என்று சொல்லலாம். வாழ்விலே இன்ன வரிசை எண்ணினர் என்று எவரும் அவர்களுக்குப் புள்ளி இட்டதில்லை, இடவும் இயலாது.

முளையைக் கண்டு சிலவற்றைச் சொல்லலாம். எல்லாவற்றையும் சொல்ல முடியாது. இதனை அந்தத் தேடுநரே நன்கு அறிவர். அறிந்தமையாலன்றோ ஆண்டுதோறும் பழைய பட்டியலை எடுத்து, மீண்டும் ஆளைச் சென்று பார்த்து, இடங்களை மாற்றி எழுதுகின்றனர். நாமும் நம் பிள்ளைகளைப் பற்றி மனத்திலே ஒரு பட்டியல் எழுதி வைத்திருக்கிறோம்; பலர் அதனை எழுதிய நாளோடு சரி, திரும்பிப் பார்ப்பதில்லை. ஆண்டுக்கொரு முறையேனும் அதனை எடுத்து, பிள்ளையின் முகத்தைப் புதிதாகப் பார்த்துத் திருத்துவோமாக.